ஆறாத பழைய புண்: கட்டுப் போட்டுக்கொண்டே இருப்பதா, சதை எடுத்துப் பார்ப்பதா, காலை எடுப்பதா?

பழைய தீக்காயத் தழும்பில் புண் விழுந்து மூன்று மாதமாக ஆறாமல் இருக்கும் வீட்டில் மூன்று விதமான பேச்சு நடக்கும். இத்தனை வருடம் ஆறுவதும் உடைவதுமாக இருந்த புண்தானே, ஒழுங்காகக் கட்டுப் போட்டால் போதும் என்பார் ஒருவர். புற்றுநோயாக மாறியிருக்கிறதா என்று ஒரு துண்டு சதை எடுத்துப் பரிசோதித்துவிடலாம் என்பார் இன்னொருவர். புண்ணில் கத்தி பட்டால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும், தொடவே கூடாது என்பார் மூன்றாமவர். பெரும்பாலும் வீட்டில் மூத்தவர் அவர்தான். அவர் பேச்சுதான் எடுபடும்.

அறுவை சிகிச்சைப் பிரிவின் கட்டுப் போடும் அறையில் நெடுங்காலம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். இந்த வழிகள் ஒவ்வொன்றும் நோயாளியை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செலவு குறைவு, வலி குறைவு, ஆபத்து இல்லை என்று தோன்றும் 'கட்டு மட்டும்' என்ற வழிதான் கடைசியில் அதிகக் கால்களைப் பறிக்கிறது. சதைப் பரிசோதனையை முன்கூட்டியே செய்தவர்களுக்குத்தான் பிறகு தேர்ந்தெடுக்க வழிகள் மிஞ்சுகின்றன.

பழைய தழும்பிலோ நாள்பட்ட புண்ணிலோ தோன்றும் இந்தப் புற்றுநோயை மருத்துவர்கள் மார்ஜோலின் புண் என்று அழைக்கிறார்கள். ழான் நிக்கோலா மார்ஜோலின் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1828இல் பழைய தழும்புகளின் மேல் மருப்போலத் தடித்து வளரும் புண்களைப் பற்றி எழுதினார். அது புற்றுநோய் என்று அவர் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் அதைக் கண்டறிந்தார்கள். 1903இல் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர் அதற்கு மார்ஜோலினின் பெயரைச் சூட்டினார். இன்று தீக்காயத் தழும்பு மட்டுமல்லாமல், எலும்பில் சீழ் பிடித்துப் பல வருடம் ஒழுகும் புரை, நரம்புச் சுருட்டலால் கணுக்காலில் வரும் புண், தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண், படுக்கைப் புண் என்று எந்த நாள்பட்ட புண்ணில் புற்று தோன்றினாலும் இந்தப் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள்.

அது எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எந்த முடிவையும் எடுப்பது எளிது. புண்ணை மூடுவதற்காக அதன் ஓரத்தில் உள்ள தோல் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. கிருமியும் சீழும் உராய்வும் அவற்றைத் திரும்பத் திரும்பக் கெடுக்கின்றன. இருபது முப்பது வருடம் இப்படியே போனால், ஒரு கட்டத்தில் சில செல்கள் கட்டுப்பாட்டை மீறி வளரத் தொடங்குகின்றன. தழும்பில் இரத்த ஓட்டமும் நிணநீர்க் குழாய்களும் குறைவு. அதனால் உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்தக் கெட்ட செல்களை எளிதில் கண்டுகொள்வதில்லை. தழும்பின் எல்லைக்குள் இருக்கும்வரை மெதுவாக வளரும் இந்தப் புற்று, எல்லையைத் தாண்டி நல்ல தோலைத் தொட்டதும் நிணநீர் வழியாக வேகமாகப் போய்விடுகிறது. காலம் தாழ்த்துவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

தீக்காயத் தழும்பு உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இது வருவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. காயம் பட்டதற்கும் புற்று தோன்றுவதற்கும் இடையே சராசரியாக 30 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வருடத்துக்குள் வருவதும் உண்டு, ஆனால் அது அரிது. நம் ஊரில் இந்தக் கணக்குக்கு ஒரு தனி அர்த்தம் இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் காற்றடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து, நைலக்ஸ் சேலையில் தீப்பிடித்துத் தப்பிப் பிழைத்த பெண்கள் இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கிறார்கள். முழங்கால் மடிப்பிலும் தொடையிலும் இருக்கும் அந்தப் பழைய தழும்பை அவர்கள் மருத்துவரிடம் காட்டுவதில்லை. சேலைக்குள் மறைந்திருப்பது ஒரு காரணம். அது எப்படி நேர்ந்தது என்று திரும்பவும் யாராவது கேட்பார்களோ என்ற தயக்கம் அதைவிடப் பெரிய காரணம்.

நம் நாட்டுக்கென்றே சில வடிவங்களும் இதில் இருக்கின்றன. காஷ்மீரில் குளிருக்காக அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கடி என்ற கணப்புச் சட்டியால் வயிற்றிலும் தொடையிலும் வரும் புற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டுவதால் வரும் புற்றைப் பற்றி 1945இல் பம்பாயிலிருந்து கானோல்கரும் சூர்யாபாயும் எழுதினார்கள். பாவாடை நாடா அழுத்தும் இடத்தில் தோல் கறுத்துத் தடித்து, புண்ணாகி, ஆறாமல் இருக்கும் பெண்களும் இந்த வரிசையில் வருகிறார்கள். நாடாவை அகலமான பட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இருந்தாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

முதல் வழி: கட்டுப் போட்டுக்கொண்டே இருப்பது

இந்த வழியை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. நாள்பட்ட புண்களில் பெரும்பாலானவை புற்று அல்ல. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, காலை உயர்த்தி வைத்து, நரம்புச் சுருட்டல் இருந்தால் அழுத்தக் கட்டுப் போட்டு, செத்த சதையை எடுத்துவிட்டு ஒழுங்காகப் பராமரித்தால் பல புண்கள் ஆறிவிடும். எல்லாப் புண்ணையும் முதல் வாரத்திலேயே வெட்டிப் பரிசோதிக்கத் தேவையில்லை.

கேள்வி எவ்வளவு காலம் என்பதுதான். சரியான சிகிச்சை கொடுத்தும் மூன்று மாதத்தில் ஆறாத புண்ணைச் சதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது அறுவை மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. பழைய தழும்பின் மேல் விழுந்த புண் என்றால் அந்த மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. புண் சுருங்குகிறதா என்பதைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. தினமும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைப் புண்ணின் மேல் வைத்து, ஓரத்தை மார்க்கர் பேனாவால் வரைந்து, தேதி போட்டு வைப்போம். நான்கு வாரம் கழித்து அடுத்த தாளை அதன் மேல் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். வீட்டில் கட்டுப் போடுபவர்கள் ஒரே தூரத்திலிருந்து, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, வாரம் ஒரு முறை செல்போனில் படம் எடுத்துக்கொண்டாலும் போதும்.

ஆறப்போகிற புண்ணின் ஓரம் சரிவாக இருக்கும். உப்புநீரில் நனைத்த துணியை மெல்ல உரித்தெடுத்தால் உள்ளே சிவந்த, பொடிப் பொடியான புதுச் சதை தெரியும். ஓரத்திலிருந்து வெளிறிய நீலநிறத்தில் மெல்லிய தோல் உள்நோக்கி ஊர்ந்து வந்திருக்கும். புற்றுப் பிடித்த புண்ணின் ஓரம் இப்படி இருப்பதில்லை. அது மேலெழும்பி, வெளிப்பக்கமாகச் சுருண்டு, கையுறை போட்ட விரலால் அழுத்தினால் கட்டியாக இருக்கும். நடுவில் காலிஃபிளவர் போலச் சதை முண்டும் முடிச்சுமாக வளர்ந்திருக்கும். துணி பட்டாலே இரத்தம் கசியும். நாற்றமும் மாறியிருக்கும். சீழ் நாற்றம் கழுவினால் குறையும். இது கழுவித் துடைத்த பிறகும் அறையில் நிற்கும். இத்தனை வருடம் வலிக்காத புண் இப்போது இரவில் வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் அதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் கட்டு மட்டும் போதும் என்ற வழி அன்றோடு முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். பல நோயாளிகள் ஒரு பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் பார்த்தாகிவிட்டது என்பார்கள். வாங்கிப் பார்த்தால் அது சீழ் வளர்ப்புப் பரிசோதனையாக இருக்கும். பஞ்சுக்குச்சியில் சீழைத் தொட்டு எடுத்து, எந்தக் கிருமி, எந்த மாத்திரைக்குக் கட்டுப்படும் என்று சொல்லும் அறிக்கை அது. புற்று இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. புற்றுப் புண்ணிலும் கிருமி நிறைய இருக்கும். மாத்திரை கொடுத்தால் சீழும் நாற்றமும் கொஞ்சம் குறையும். குணமாகிறது என்று குடும்பம் நம்பும். இந்த இரண்டு மூன்று வார முன்னேற்றம் பலரை ஏமாற்றி, மாதங்களைத் தின்றுவிடுகிறது. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுக்கிற இடத்தில், "சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வளரும் சதையை மயில்துத்தம் வைத்துச் சுடுவது, சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசுவது போன்றவற்றையும் கட்டின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். மேலே தெரியும் சதை கருகி உதிரும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். பிறகு சதைப் பரிசோதனை செய்தாலும் கருகிய சதையில் எதுவும் தெளிவாகத் தெரியாது. இருந்த வாய்ப்பையும் இது கெடுத்துவிடுகிறது.

இரண்டாவது வழி: சதைப் பரிசோதனை

பயாப்ஸி என்றதும் பயந்துபோகிறவர்களுக்காக, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். புண்ணின் ஓரத்தில், நல்ல தோலும் புண்ணும் சேரும் இடத்திலிருந்து மிளகு அளவிலோ, அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ ஒரு துண்டு எடுப்பார்கள். பெரிய புண்ணாக இருந்தால் நான்கு பக்கத்து ஓரத்திலிருந்தும், நடுவில் சந்தேகமாக வளர்ந்திருக்கும் சதையிலிருந்தும் தனித்தனித் துண்டுகள் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனி பாட்டிலில் ஃபார்மலினில் போட்டு, எந்த இடத்தில் எடுத்தது என்று எழுத வேண்டும். ஒன்றிரண்டு தையல் அல்லது அழுத்திப் பிடித்துக் கட்டு. அன்றே வீட்டுக்குப் போகலாம். அறிக்கை வர ஒரு வாரம் அளவில் ஆகும்.

கத்தி பட்டால் பரவும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. முற்றிய நிலையில் வருகிறார்கள், துண்டு எடுக்கிறோம், ஆறு மாதத்தில் இறந்துபோகிறார்கள். பழி கத்தியின் மேல் விழுகிறது. அந்த நோய் துண்டு எடுப்பதற்கு முன்பே தொடைக்கவட்டிலும் நுரையீரலிலும் போய் உட்கார்ந்திருந்தது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்வதில்லை. தோல் புற்றில் ஓரத்திலிருந்து ஒரு துண்டு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. எடுக்காமல் விடுவதால்தான் அது பரவுகிறது.

இந்த வழியின் உண்மையான குறை வேறு. ஒரு முறை எடுத்து 'புற்று இல்லை' என்று வந்துவிட்டால், அந்தத் தாளை வைத்துக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டிவிடுகிறார்கள். பெரிய புண்ணில் புற்று ஒரு மூலையில் மட்டும் இருக்கலாம். துண்டு எடுத்தது இன்னொரு மூலையாக இருக்கலாம். மேலோட்டமாகச் சுரண்டி எடுத்த துண்டில் செத்த சதை மட்டுமே இருந்திருக்கலாம். அதனால், அறிக்கை நல்லதாக வந்தும் புண் ஆறவில்லை என்றால், சில வாரங்களில் இன்னும் ஆழமாக, வேறு இடங்களில் திரும்ப எடுக்க வேண்டும். சிறிய புண்ணாக இருந்தால் துண்டு துண்டாக எடுப்பதைவிட முழுப் புண்ணையும் சுற்றியுள்ள தழும்போடு வெட்டியெடுத்து அனுப்பிவிடுவது மேல். பரிசோதனையும் முடியும், சிகிச்சையும் பாதி முடிந்துவிடும்.

தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்ணில் மட்டும் கணக்கு வேறு, அதை விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே உணர்ச்சி இல்லாததால் வலி என்ற எச்சரிக்கை கிடைப்பதில்லை. அதே சமயம், புற்று இல்லாமலேயே தோல் காலிஃபிளவர் போலத் தடித்து வளர்வதும் அந்தப் பாதங்களில் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தாலும் மேல்தோலின் இந்த மிகை வளர்ச்சி, புற்றைப் போலவே ஏமாற்றும். இதனால் இரண்டு பக்கமும் தவறு நேரலாம்: புற்றைச் சாதாரணப் புண் என்று விட்டுவிடலாம், சாதாரண வளர்ச்சியைப் புற்று என்று நினைத்துக் காலை எடுத்துவிடலாம். இப்படிப்பட்ட பாதத்துக்கு, அடிச்சதை வரை போகும் ஆழமான துண்டு, எலும்பு அரித்திருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே, தொழுநோயாளிகளைப் பார்த்துப் பழகிய ஒரு மருத்துவரின் கண் ஆகிய மூன்றும் வேண்டும். வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் செங்கல்பட்டில் உள்ள மத்தியத் தொழுநோய் நிலையமும் இதற்கு நமக்குக் கிடைத்த கொடை. தொழுநோயாளி என்பதாலேயே 'எடுத்துவிடலாம்' என்று சுலபமாக முடிவு கட்டுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். மரத்துப்போன கால் என்றாலும் அவர் அதில்தான் நடக்கிறார்.

புற்று என்று உறுதியான பிறகு: அகலமாக வெட்டி எடுப்பதா, காலையே எடுப்பதா

அறிக்கையில் பெரும்பாலும் 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்று வரும், அதாவது மேல்தோல் செல்களில் தோன்றும் புற்று. வெயிலால் வரும் தோல் புற்றிலும் இதே வகை உண்டு. ஆனால் வெயிலால் வந்தது நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் என்றால், பழைய புண்ணில் வந்தது ஐந்தில் ஒருவருக்கு, சில கணக்குகளில் மூன்றில் ஒருவருக்குப் பரவுகிறது. இதை மெத்தனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முடிவெடுப்பதற்கு முன் ஸ்கேன் பார்க்க வேண்டும். எலும்பு அரித்திருக்கிறதா, மூட்டுக்குள் போயிருக்கிறதா, பெரிய இரத்தக் குழாயையும் நரம்பையும் சுற்றியிருக்கிறதா என்பவைதான் காலின் தலையெழுத்தை எழுதும் கேள்விகள். மூன்றுக்கும் இல்லை என்ற பதில் வந்தால் காலைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சைக்கு முழு உரிமை உங்களுக்கு உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். புண்ணின் ஓரத்திலிருந்து குறைந்தது 2 சென்டிமீட்டர், சில சமயம் அதைவிட அதிகமாக நல்ல தோலையும் சேர்த்து, அடியில் தசைமேல் உறை வரை எடுத்துவிடுவார்கள். விலங்கு கடித்தாற்போல் இவ்வளவு பெரிய பள்ளமா என்று முதல் கட்டு மாற்றும்போது குடும்பம் அதிர்ந்துபோகும். அந்த அளவுக்கு எடுத்தால்தான் திரும்ப வரும் வாய்ப்பு குறையும்.

அந்தப் பள்ளத்தை மூட இரண்டு முறைகள். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவது ஒன்று. பக்கத்துச் சதையை அதன் இரத்தக் குழாயோடு திருப்பிப் போட்டு மூடுவது இன்னொன்று. எலும்போ தசைநாணோ வெளியே தெரிந்தால் ஒட்டுத்தோல் பிடிக்காது, சதை மூடிதான் வேண்டும். குதிகாலிலும் அப்படித்தான்; உடம்பின் பாரத்தை மெல்லிய ஒட்டுத்தோல் தாங்காமல் திரும்ப உடையும். மற்ற இடங்களில் நான் ஒட்டுத்தோலின் பக்கம். பார்ப்பதற்கு அழகு குறைவுதான். ஆனால் அடியில் புற்று திரும்ப முளைத்தால் மெல்லிய தோலின் வழியே சீக்கிரம் தெரிந்துவிடும். தடித்த சதை மூடியின் அடியில் அது பல மாதம் ஒளிந்திருக்கலாம். ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன என்ற அறிக்கை வந்த பிறகு மூடுவது இன்னும் பாதுகாப்பு. அதற்காக இரண்டாம் முறை அறுவை அரங்குக்குப் போக வேண்டியிருந்தாலும் சம்மதியுங்கள்.

ஒட்டுத்தோல் வைத்தவர்கள் எதிர்பார்க்காத ஒன்று, தோல் எடுத்த தொடைதான் அதிகம் வலிக்கும் என்பது. ஏறக்குறைய இரண்டு வாரம் அந்தக் கட்டை யாரும் பிய்க்கக் கூடாது. அது தானாகக் கழன்று விழ வேண்டும். ஒட்டிய இடத்தை நான்கைந்து நாள் கழித்துத்தான் திறப்போம். இளஞ்சிவப்பாகப் பிடித்திருந்தால் அறையில் இருக்கும் எல்லோர் முகமும் மாறும். முழங்கால் மடிப்பில் வைத்த ஒட்டுத்தோல் சுருங்கும் என்பதால் பல மாதம் இரவில் காலை நீட்டிவைக்கும் பட்டை கட்ட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அங்கேயே இழுபட்டு உடைந்து இன்னொரு நாள்பட்ட புண் உருவாகும்.

எலும்பு அரித்துவிட்டது, மூட்டுக்குள் போய்விட்டது, அல்லது புற்றை எடுத்த பிறகு மிஞ்சும் கால் நடக்கவே உதவாது என்றால், காலை எடுப்பதுதான் சரியான வழி. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. வருடக்கணக்காக நாற்றத்தோடும் ஒழுகலோடும் ஒரு மூலையில் ஒதுங்கி, பேரப்பிள்ளைகளைக்கூடப் பக்கத்தில் அழைக்காமல் இருந்தவர்கள், காலை எடுத்த பிறகு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் மூட்டைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் செயற்கைக் காலில் நடப்பது மிக எளிது. மேலே எடுத்தால் அதே தூரத்துக்கு இரு மடங்கு களைப்பு. ஜெய்ப்பூரில் உருவான செயற்கைக் கால் சம்மணம் போடவும், செருப்பில்லாமல் நடக்கவும், வயல் வேலைக்கும் ஏற்றது. சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் செய்து பொருத்தி, நடக்கவும் பழக்குகிறார்கள். அறுவைக்கு முன்பே, செயற்கைக் காலில் நடக்கும் ஒருவரை நோயாளியின் கண்முன் நடக்கவைத்துக் காட்டுவது நாங்கள் பேசும் ஆறுதல் எல்லாவற்றையும்விட வேலை செய்யும்.

இரண்டுக்கும் நடுவில் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. மருத்துவர் 'எடுத்துவிடலாம்' என்கிறார், எலும்பு நன்றாக இருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. அப்போது பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரும் புற்றுநோய் அறுவை மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இது சாத்தியம். ஆனால் இரண்டாவது கருத்துக்காக இரண்டு வாரத்துக்கு மேல் ஒத்திப்போடாதீர்கள். மறுபக்கமும் உண்டு: எலும்பு அரித்த பிறகு, காலைக் காப்பாற்றுகிறோம் என்று யாராவது எண்ணெயோ லேகியமோ விற்றால் அவரிடமிருந்து விலகி வந்துவிடுங்கள்.

தொடைக்கவட்டில் நெறி கட்டியிருந்தால்

காலில் புண் இருப்பவருக்குத் தொடைக்கவட்டில் நெறி கட்டுவது, அதாவது அங்குள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்குவது, சகஜம். வெறும் கிருமியாலும் கட்டும், புற்று பரவியும் கட்டும். தடவிப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஊசி வைத்து உறிஞ்சிப் பரிசோதித்துவிட வேண்டும். புற்று இருந்தால் அந்தக் கணுக்களை மொத்தமாக எடுப்பார்கள்; தேவைப்பட்டால் பிறகு கதிர்வீச்சும் உண்டு. நெறி எதுவும் தட்டுப்படவில்லை என்றால், முன்னெச்சரிக்கையாக எல்லாக் கணுக்களையும் எடுத்துவிடலாமா என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. அப்படி எடுத்தால் கால் நிரந்தரமாக வீங்கலாம், தொடைக்கவட்டுத் தையல் பிரிந்து மாதக்கணக்கில் இழுத்தடிக்கலாம். முதலில் நிணநீர் வந்து சேரும் ஓரிரு கணுக்களை மட்டும் அடையாளம் கண்டு எடுத்துப் பார்க்கும் வசதி சில பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால், நெருங்கிய இடைவெளியில் தடவியும் ஸ்கேன் செய்தும் பார்த்துவருவதை நான் தேர்ந்தெடுப்பேன். ஒழுங்காகத் திரும்பிவர மாட்டார், தொலைவான ஊர், கூட்டிவர ஆள் இல்லை என்ற நிலைமையில் இந்தக் காத்திருப்பு வழி பொருந்தாது. அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

கத்தி வேண்டாம், கரண்ட் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் புற்றுக்குக் கதிர்வீச்சு முதல் வழி அல்ல. தழும்பில் இரத்த ஓட்டம் குறைவு, பிராணவாயு குறைவு. அங்கே கதிர்வீச்சு முழு வீரியத்தோடு வேலை செய்வதில்லை. அறுவையைத் தாங்க முடியாத முதியவர்களுக்கும், ஓரத்தில் புற்று மிஞ்சியவர்களுக்கும், கணுக்களில் பரவியவர்களுக்கும் அது உதவும். வெட்ட முடியாத அளவுக்கு முற்றிய தோல் புற்றுக்கு, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் செமிப்லிமாப் என்ற மருந்தை 2018இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். நம் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டும் விலையில் அது இல்லை.

இன்னும் புற்று வராத, ஆனால் அடிக்கடி உடையும் தழும்பு இருப்பவர்களுக்கும் ஒரு முடிவு காத்திருக்கிறது. முழங்கால், முழங்கை, அக்குள், கணுக்கால் மடிப்புகளில் தழும்பு இழுத்து இழுத்து வருடத்துக்கு இரண்டு மூன்று முறை உடைகிறது என்றால், அந்தத் தழும்பை எடுத்துவிட்டு நல்ல தோல் வைப்பதைப் பற்றி இப்போதே பேசுங்கள். உடையாமல் நிலையாக இருக்கும் தழும்பை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவி, வெயில் படாமல் மூடி, கவனித்து வந்தால் போதும். புதிதாகத் தீக்காயம் பட்டவர்களின் குடும்பத்துக்கு ஒன்று: ஆழமான தீக்காயத்தைத் தானாக ஆறட்டும் என்று மாதக்கணக்கில் விடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் மூடாத காயத்துக்குத் தோல் வைத்துவிட்டால், முப்பது வருடம் கழித்து இந்தக் கட்டுரைக்கே தேவை இல்லாமல் போகும்.

செலவைப் பொறுத்தவரை, சதைப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். அறுவை சிகிச்சைக்கு, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் சேர்வதற்கு முன் அந்தச் சிகிச்சை அங்கே அத்திட்டத்தில் வருகிறதா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே, புண் வைத்திருக்கும் பெண்கள் பலர் கேட்காமல் விடுகிற ஒன்றை வீட்டார் கேட்க வேண்டும்: காட்டுவதற்கு மறைவான அறையும், கட்டுப் பிரிக்க ஒரு பெண் செவிலியரும் இருக்கிறார்களா என்று. அது இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அறுவை முடிந்த பிறகு முதல் இரண்டு மூன்று வருடம்தான் திரும்ப வருவதற்கான காலம். முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது போய்க் காட்ட வேண்டும். இடையில் வீட்டில், குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரல்களைத் தட்டையாக வைத்துத் தொடைக்கவட்டை இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாக, கெட்டியாக, கோலி அளவில் ஏதாவது தட்டுப்பட்டால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் போய்விடுங்கள். மருத்துவமனை மாறுவதாக இருந்தால் அறிக்கைத் தாள் மட்டும் போதாது. நுண்ணோக்கியில் பார்த்த கண்ணாடித் தகடுகளையும் சதை பதித்த மெழுகுக் கட்டியையும் நோய்க்குறியியல் துறையில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது இடத்தில் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். அவை கையில் இருந்தால் திரும்பவும் ஒரு முறை சதை எடுக்க வேண்டிய தேவையும், அதில் போகும் இரண்டு வாரமும் மிச்சமாகும்.